சிவப்பில் வந்த வாழ்த்துகள்

ஜன்னல் சீட்டு குடுத்ததுக்கு ரொம்ப நன்றி தம்பி. நீங்கதான் முதல்ல வந்து உக்காந்தீங்க, பார்த்தேன். ஆனா முதல்ல வந்தவனுக்குத்தான் முதலிடம்னு போனா உலகத்துல மட்டு மரியாதை எங்க இருக்கும், சொல்லுங்க. வயசுல மூத்தவன் கேட்டதும் எந்திரிச்சீங்க பாருங்க, அதான் வளர்ப்பு. எம் மக கூட வந்திருந்தா, "அப்பா, அவர்தாம்ப்பா முதல்ல வந்தாரு"ன்னு பஸ்ஸுக்கே கேக்கற மாதிரி சொல்லியிருப்பா.

அவளைக் கூட்டிட்டு வரத்தான் போறேன். திருப்பத்தூர்ல எறங்கி, அங்கேர்ந்து ஜவ்வாது மலைக்கு மினி பஸ் ஏறணும். விழா முடிஞ்சதுலேர்ந்து எங்கிட்டப் பேச்சில்லை. இன்னிக்கு எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரணும். மடியில இருக்கறதா? கேடயம். கண்ணாடி பதிச்சது, அதான் பேப்பர்ல சுத்தியிருக்கேன். அப்புறம் காட்டறேன்.

நீங்க எதுல இருக்கீங்க? லேப் டெக்னீஷியனா. பெர்மனென்ட்டா? ம், பரவாயில்லை, ஆயிடும். எம் பேரு மணவழகன். துணை இயக்குநர், ஒருங்கிணைப்பு. சென்னையில கடலோர நாடுகள் விளையாட்டு விழா நடந்துச்சே, பேப்பர்ல பார்த்திருப்பீங்க. அதுக்கு சாஃப்ட்வேர் பண்ணவன் நான்தான். பண்ணவன்னா, உக்காந்து எழுதினது ஒரு சின்ன கம்பெனிப் பொண்ணு, பர்வீன்னு பேரு. ஆனா ஒரு கோயிலை யாரு கட்டினதுன்னு கேட்டா ராஜா பேரைத்தானே சொல்றோம், கொத்தனார் பேரையா சொல்றோம்?

பெரிய விளையாட்டு விழான்னா லேசு இல்லை தம்பி. போலீசு, ஆம்புலன்சு, கரண்டு, தண்ணி, சாப்பாடு, பஸ்ஸு, வாலண்டியர் பசங்கன்னு ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நோட்டு, ஒரு வாட்ஸ்அப் குரூப்பு. இவன் பார்த்தது அவனுக்குத் தெரியாது. அதனால எல்லாருக்கும் பொதுவா ஒரே பதிவேடு போடறதுன்னு முடிவாச்சு. மைதானத்துல நிக்கறவன் போன்ல ஒரு வரி எழுதினாப் போதும். கண்ட்ரோல் ரூம்ல பெரிய திரையிலயும் தெரியும், எல்லாத் துறைக்காரங்க போன்லயும் தெரியும். யாரு ஓடணுமோ அவங்க ஓடுவாங்க. நல்ல திட்டம், நான் குறையே சொல்லலை. பேரு வைக்க மட்டும் பல கூட்டம் போட்டோம். கடைசியில 'விழாக்கண்'ணு நான் சொன்னதுதான் நின்னுச்சு.

முதல் முதலா அதைப் போட்டுக் காட்டின அன்னிக்கு நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. பெரிய ஹால். விழாத் தலைவர் ஐயா நடுவுல உக்காந்திருக்காரு. சுத்தி எல்லா அதிகாரிங்களும். பர்வீன் சொல்லிச்சு, "ஐயா, நீங்க ஒரு வரி எழுதித் தொடங்கி வைங்க"ன்னு. ஐயாவும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி, 'விழா சிறக்க வாழ்த்துகிறேன்'னு எழுதினாரு. திரையில வந்துச்சு. எல்லாரும் கை தட்டினோம். தட்டின கையை எடுக்கல, அதுக்குள்ள அதுக்கு மேல இன்னொரு வரி வந்து உக்காருது: 'மூணாம் கேட் கக்கூஸ்ல தாழ்ப்பாள் இல்லை.' யாரோ ஒரு வாலண்டியர் பையன் வெளியிலேர்ந்து சோதிச்சுப் பார்த்திருக்கான்.

தலைவர் ஐயாவுக்கு மேல கக்கூஸ் தம்பி! ஐயா திரையைப் பார்க்கறாரு, எங்களைப் பார்க்கறாரு. இந்தப் பர்வீன் பொண்ணு இருக்கே, அது மொகம் முழுக்கச் சிரிப்பா, "பாத்தீங்களா ஐயா, எவ்ளோ வேகமா வருது! புதுசு எப்பவும் மேலதான் வரும்"னு சொல்லுது.

நான் எந்திரிச்சேன். "அம்மா, புதுசா வந்தவங்க மேல வந்து உக்கார்ற பழக்கம் எங்க ஆபீஸ்ல கெடையாது"ன்னேன். ஐயா மொகத்துல அப்பத்தான் ரத்தம் வந்துச்சு. "மணவழகன், இதை நீங்களே கவனிச்சுக்கங்க"ன்னாரு. அப்படி வந்ததுதான் இந்தப் பொறுப்பு, நானாத் தேடிப் போகலை.

ஏன் எங்கிட்டக் குடுத்தாருன்னா, நம்ம பேரே எங்க ஆபீஸ்ல அழைப்பிதழ் மணவழகன். சர்வீஸ் பூராவும் விழா அழைப்பிதழ் அடிச்சவன். தலைமை யாரு, முன்னிலை யாரு, யாரு வாழ்த்துரை, யாரை நன்றியுரையில தள்ளணும்னு என்னைக் கேக்காம ஒரு அச்சகத்துலயும் மிஷின் ஓடாது. ஒரு தடவை சம அந்தஸ்துல ரெண்டு பேரு. யாரு பேரை மேல போட்டாலும் மத்தவர் வரமாட்டாரு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? ரெண்டு பேரையும் வட்டமாப் போட்டுட்டேன்! அழைப்பிதழைச் சுத்திச் சுத்தி அவங்கவங்க பேரை மேல வச்சுப் பார்த்துக்கிட்டாங்க, ரெண்டு பேருமே வந்தாங்க. அந்த மூளையைத்தான் நான் விழாக்கண்ணுக்குக் குடுத்தேன்.

பர்வீனைக் கூப்பிட்டு, எந்தப் பதிவு எப்ப வந்ததுங்கறது முக்கியமில்லை, யாரு எழுதினதுங்கறதுதான் முக்கியம்னு சொன்னேன். பதவிப்படி வரிசை. தலைவர் ஐயா எழுதினது மேல, அதுக்குக் கீழ துணைத் தலைவருங்க, அப்புறம் துறைத் தலைவருங்க, அதிகாரிங்க, எழுத்தருங்க. எல்லாருக்கும் கீழ வாலண்டியருங்க. அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டிருந்த நோட்டை மூடிட்டுச் சொல்லிச்சு.

"சார், அப்ப இது பதிவேடே இல்ல சார், அழைப்பிதழ்."

"அதேதான்மா! நான் இவ்ளோ நேரம் சொன்னதை நீ ஒரே வார்த்தையில சொல்லிட்ட பாரு."

"சார், கீழ நிக்கறவங்களுக்குத்தான் சார் விஷயம் முதல்ல தெரியும். ஒரு ஆபத்துன்னா?"

"ஆபத்துன்னா அவங்களுக்கு மேல ஒருத்தர் இருப்பாருல்ல? அவரு எழுதுவாரு."

பிடிவாதக்காரி தம்பி. கடைசியில, "சார், வரிசை உங்க இஷ்டம். ஒரு சிவப்பு பட்டன் மட்டும் வைக்கறேன். உசிரு போற விஷயம்னா அதை அழுத்தி எழுதட்டும், சிவப்பாத் தெரியும்"னு கெஞ்சிச்சு. சரி, சின்னப் பொண்ணு ஆசைப்படுதுன்னு விட்டேன்.

விட்டா என்ன ஆச்சு தெரியுமா? ஒத்திகை அன்னிக்கு ஒரு துணைத் தலைவர் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. "யோவ், வாலண்டியர் பசங்க எல்லாம் சிவப்புல எழுதறாங்க, எனக்குக் கறுப்புலதான் வருது. நான் என்ன கொறைஞ்சு போயிட்டேனா?"ங்கறாரு. நியாயம்தானே? கார்ல செவப்பு லைட்டு வச்சுட்டுப் போறது யாரு, பெரியவங்கதானே? பியூனா வச்சுட்டுப் போறான்? அதனால சிவப்பு அதிகாரிங்களுக்கு மட்டும்னு மாத்தினேன். வாலண்டியர் எழுதினது சாம்பல் கலர்ல வரும், கண்ணை உறுத்தாது.

அதுக்கப்புறம் பாருங்க, எல்லா அதிகாரிங்களும் ஒரே குஷி. 'வணக்கம்'கறது சிவப்புல வருது. 'தலைவர் அவர்கள் வருகையால் மைதானம் பொலிவு பெற்றது'ங்கறது சிவப்புல வருது. 'மேற்கண்ட பதிவை வழிமொழிகிறேன்'னு அதுக்குக் கீழ வரிசையா வருது. திரை பூரா செக்கச்செவேல்னு பட்டுப்புடவைக் கடை மாதிரி இருக்கும். கெட்ட சேதி ஒண்ணு கூடக் கண்ணுல படாது. வெளிநாட்டுக்காரங்க வந்து பார்த்துட்டு போட்டோ எடுத்துட்டுப் போனாங்க.

எம் மக இளவெயினியும் அதுல வாலண்டியரா இருந்தா. பிசியோதெரபி படிக்கறா, காலேஜ்லேர்ந்து அனுப்பினாங்க. நான் நினைச்சிருந்தா என் செல்வாக்குக்கு அவளை ஒரு படி மேல ஏத்தி வச்சிருக்க முடியாதா? செய்யலை. வரிசையில கடைசியிலதான் வச்சேன். சாம்பல் கலர்தான் குடுத்தேன். சொந்த மகளுக்குக் கூடச் சலுகை காட்டலை தம்பி, நேர்மைன்னா அதுதான். அதைக் கூட அவ புரிஞ்சுக்கலை.

மாரத்தான் அன்னிக்கு நல்ல வெயில். விடியக்காலையிலயே தொடங்கியிருக்கணும். தலைவர் ஐயாவுக்குப் பூமாலை வந்து சேரலை, அதனால கொஞ்சம் பொழுது ஏறிடுச்சு. கொடியசைக்கற மேடை முன்னாடி வெறும் மண்ணு. தூசி பறந்து ஐயா வேட்டியில படக் கூடாதேன்னு ஒரு தண்ணி லாரியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாச்சு. யாரு திருப்பினதுன்னு எல்லாம் பின்னாடி நடந்த விசாரணையில கேட்டாங்க. நான்தான் சொன்னேன், ஆனா வாய்மொழியாத்தான் சொன்னேன். வாய்மொழியாச் சொன்னது உத்தரவு ஆகாது. அந்த லாரி போய்ச் சேர வேண்டிய இடம் கடற்கரை ரோட்டுல ஒரு தண்ணிப் பந்தல். அங்கதான் இளவெயினி நின்னுக்கிட்டிருந்தா.

நான் கண்ட்ரோல் ரூம்ல இருக்கேன். ஐயா எனக்குப் பின்னாடி நின்னு திரையைப் பார்த்து ரசிச்சுக்கிட்டிருக்காரு. அப்பப் பார்த்து இவ போன் பண்றா.

"அப்பா, தண்ணி வரலைப்பா. இருந்த கேனும் தீர்ந்துபோச்சு. ஓடி வர்றவங்க வெறும் டம்ளரைத் தூக்கிப் பார்த்துட்டுப் போறாங்க."

"விழாக்கண்ல பதிவு பண்ணும்மா."

"பண்ணிட்டேம்ப்பா. திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருக்கேன். யாருமே பார்க்கலை."

"வரிசையில வரும், பொறு."

"அப்பா, வெயில் கொளுத்துது. நீங்க அந்த லாரிக்காரருக்கு ஒரு போன் பண்ணுங்க, போதும்."

"எம் மக சொன்னான்னு நான் லாரி அனுப்பினா அது சிபாரிசு ஆயிடும்டா கண்ணு. முறைன்னு ஒண்ணு இருக்கு."

வச்சுட்டேன். ஐயா பக்கத்துல நிக்கும்போது வீட்டுக்காரங்ககிட்டப் பேசிக்கிட்டிருக்க முடியுமா?

திரையைக் கொஞ்சம் கீழ தள்ளிப் பார்த்திருக்கலாமேன்னு நீங்க நினைக்கறீங்க. மொகத்துல தெரியுது. விசாரணையிலயும் அதைத்தான் கேட்டாங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க தம்பி. திரையில மேல ஐயா எழுதினது இருக்கு. ஐயா பின்னாடியே நிக்கறாரு. அவரு கண்ணு முன்னாடி அவரு பேரை மேல தள்ளி மறைச்சுட்டு, எம் மக பேரைத் தேடிக் கீழ போகட்டுமா? அவரையே பிடிச்சுத் தள்ளிவிட்ட மாதிரி ஆகாது?

அப்புறம் என்ன, ஓடி வந்த பொண்ணு ஒண்ணு பந்தல்கிட்ட வந்து விழுந்துருச்சு. இப்பப் போறேனே, அந்த ஜவ்வாது மலைப் பொண்ணுதான். அதுவரைக்கும் மூணாவதா வந்துக்கிட்டிருந்தாளாம். ஆம்புலன்ஸ் கேட்டும் இவ எழுதியிருக்கா, அதுவும் வரிசையில நின்னுருச்சு. கடைசியில மீன் ஏத்திட்டு வந்த ஒரு குட்டி யானை வண்டியை மறிச்சு, ஐஸ் பெட்டிக்கு நடுவுல அந்தப் பொண்ணைப் படுக்க வச்சு, இவளே மடியில தலையை வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. அந்த ஐஸ்தான் உசிரைக் காப்பாத்துச்சுன்னு டாக்டர் சொன்னாராம். அதிர்ஷ்டம் பாருங்க. விழா ஏற்பாடு நல்லா அமைஞ்சா எல்லாம் தானா அமையும்.

உசிருக்கு ஒண்ணும் இல்லை. சூட்டுல கிட்னி கெட்டுப்போச்சு, இனிமே ஓடக் கூடாதுன்னுட்டாங்க. ஓட்டத்துல இடம் பிடிச்சிருந்தா விளையாட்டு ஒதுக்கீட்டுல அதுக்கு ஒரு வேலை கிடைச்சிருக்குமாம். பாவம்தான். நான் இல்லேங்கலை.

விசாரணைக் கமிஷன் போட்டாங்க. தலைவர் ஐயாதான் அதுக்கும் தலைவர். வேற யாரைப் போடறது, அவருக்கு மேல ஆளு இல்லையே? விழாக்கண்ணைத் திறந்து தேடினோம். எம் மக எழுதினது அத்தனையும் கீழ பத்திரமா இருந்துச்சு தம்பி. ஒரு வரி தொலையலை, ஒரு எழுத்து மாறலை. எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்துல இருந்துச்சு. சாஃப்ட்வேர்ல ஒரு குறையும் இல்லைன்னு நிரூபணம் ஆயிருச்சா? வெயில்தான் காரணம்னு முடிச்சாங்க. பர்வீன் மட்டும், தன்னோட கம்பெனி பேரை விழாக்கண்லேர்ந்து எடுத்துரச் சொல்லி எழுதிக் குடுத்துட்டுப் போயிருச்சு. தன்னடக்கம்.

இவ்ளோ பண்ணேனே, நிறைவு விழாவுல எனக்கு என்ன பண்ணாங்க தெரியுமா? பொன்னாடை போத்தறாங்க. பேரு கூப்பிடறாங்க, கூப்பிடறாங்க, எம் பேரு வரவே இல்லை. பந்தல் காண்ட்ராக்டர் போயிட்டு வந்துட்டாரு. மைக் செட்காரர் போயிட்டு வந்துட்டாரு. மைக் செட்காரருக்கு அப்புறம் தம்பி, எல்லாருக்கும் கடைசியா, ஜனமெல்லாம் சாப்பாட்டுக்கு எந்திரிச்சுப் போனதுக்கப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க. மேடையில ஏறி நிக்கறேன், பார்க்க ஆளில்லை. கடைசியில நிக்க வைக்கப்பட்டவனோட வலி என்னன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. சத்தியமாச் சொல்றேன், அப்படி ஒரு வேதனையை நான் யாருக்கும் குடுத்ததில்லை.

அந்தப் பொன்னாடையோட வீட்டுக்குப் போனா, இவ பையைக் கட்டிக்கிட்டிருக்கா. திட்டியிருந்தாக் கூட நான் பதில் சொல்லியிருப்பேன். என்னைத் தாண்டிப் போய்ச் செருப்பைப் போட்டுக்கிட்டா. அப்புறம் காலேஜ் ஹாஸ்டல், லீவு விட்டா அந்த மலைப் பொண்ணு வீடுன்னு ஆயிருச்சு. அந்தப் பொண்ணுக்குக் கையைக் காலை மடக்கி ஏதோ பயிற்சி எல்லாம் குடுக்கறாளாம். எல்லாம் அவ அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீடு வெறிச்னு கெடக்கு தம்பி. என்னை எதிர்த்துப் பேச ஆளில்லை. சீட்டைப் பிடிச்சா ஏன்னு கேக்க ஆளில்லை. வாசல்ல நடக்கற சத்தம் கேட்டா அவதானோன்னு எட்டிப் பார்க்கறேன். ஒரே புள்ளை.

ஆனா இப்பக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கு. நான் அனுப்பற மெசேஜுக்கு இப்பெல்லாம் பதில் போடறா. பாருங்க, நீங்களே படிங்க. 'தங்கள் செய்தி கிடைக்கப்பெற்றது. உரிய வரிசையில் பரிசீலிக்கப்படும்.' எப்படி மரியாதையா எழுதியிருக்கா பாருங்க! ஒவ்வொரு தடவையும் இதேதான், ஒரு எழுத்து மாறாது. முன்னாடி எல்லாம் "என்னப்பா, ஏம்ப்பா"ன்னு வெடுக்குனு பேசுவா. இதை எம் வீட்டுக்காரிகிட்டக் காட்டினேன். அவ முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு உள்ள போயிட்டா. பெருமை தாங்கலை போல.

சரி, கேடயத்தைப் பாருங்க. பேப்பரைப் பைய பிரிங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சு யோசிச்சு, என் சொந்தச் செலவுல பண்ணது. இதை எம் மக கண்ணு முன்னாடி அந்தப் பொண்ணு கையில குடுத்தா, அவ மனசு எறங்கிரும். எறங்குமில்ல? நீங்களும் இந்தக் காலத்துப் புள்ளைதானே, சொல்லுங்க. தேக்கு மரம், மேல கண்ணாடி, தங்க எழுத்து. 'மாரத்தான் வீர மங்கைக்கு அன்புப் பரிசு.' கீழ பேருங்க. விழாத் தலைவர் ஐயா, துணைத் தலைவருங்க, துறைத் தலைவருங்க எல்லாரும் வரிசையா. கடைசியில பாருங்க, ஒருங்கிணைப்பு, பொ. மணவழகன். என்னை நானே கடைசியிலதான் போட்டுக்கிட்டேன்.

என்ன தேடறீங்க?

அந்தப் பொண்ணு பேரா? கீழ இருக்கும் பாருங்க, எனக்குக் கீழ... இல்லையா? குடுங்க இங்க... ஆமா. கடைக்காரன் சொன்னான் தம்பி, இடம் பத்தலை, ஒரு வரியை எடுக்கணும்னு. மேலேர்ந்தா எடுக்க முடியும்? கடைசி வரியை எடுத்துருன்னேன். அது அந்தப் பொண்ணுக்குன்னு விட்டிருந்த வரிதான்.

பரவாயில்லை. அவளுக்குக் குடுக்கற கேடயத்துல அவ பேரு எதுக்கு? அவளுக்கே தெரியாதா அது அவளுக்குன்னு? ஆனா இளவெயினி பார்த்தா... அவ முதல்ல கீழதான் பார்ப்பா. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நான் அழைப்பிதழ் அடிச்சுக் கொண்டாந்தா, கடைசியில நன்றியுரை யாருன்னுதான் முதல்ல படிப்பா. "இவங்கதாம்ப்பா நிஜமா வேலை செஞ்சவங்க"ன்னு சொல்லுவா, அஞ்சாம் கிளாஸ் படிக்கும்போது.

பேனா இருக்கா தம்பி? குடுங்க. பின்பக்கம் திருப்பினா நிறைய இடம் இருக்கு, நல்ல மரம், எழுதினா நிக்கும்.

அந்தப் பொண்ணு பேரு... இருங்க. எம் மக போன்ல சொன்னா. எழுதியும் போட்டிருந்தா, விசாரணையில எடுத்துப் படிச்சாங்களே. என்னவோ ஒரு பேரு. ஊருல போய் மாரத்தான் பொண்ணு வீடுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்கன்னு நான் பேரைக் கேட்டு வச்சுக்கலை.

இளவெயினிக்கே ஒரு மெசேஜ் போட்டுக் கேக்கறேன். 'அந்தப் பொண்ணு பேர் என்னம்மா?' போட்டாச்சு. பார்த்துட்டா, நீலக் கோடு வந்துருச்சு பாருங்க! எழுதறா, எழுதறா... வந்துருச்சு.

'தங்கள் செய்தி கிடைக்கப்பெற்றது. உரிய வரிசையில் பரிசீலிக்கப்படும்.'

வாணியம்பாடி வந்துருச்சா? எறங்கணுமா நீங்க? எறங்குங்க, எறங்குங்க. பேனாவை மட்டும் விட்டுட்டுப் போங்க தம்பி.